வளைந்த நிப்பும் கல்லெழுத்தும்: அரிட்டாபட்டியிலிருந்து தாராசுரம் வரை

செப்டம்பர் 11, வியாழன் – அரிட்டாபட்டி

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ் ஏறி நரசிங்கம்பட்டியில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ எதுவும் வரவில்லை. தனி ஆட்டோக்காரர் போக வர 600 ரூபாய் என்றார், சரி என்று ஏறிக்கொண்டேன். "நீங்க மலையப் பாத்துட்டு நிதானமா வாங்கண்ணே, நான் இங்கன வேப்பமரத்தடியில படுத்திருக்கேன்" என்று சொன்னவர், மத்தியானம் வரை அப்படியே காத்திருந்தார். கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரே வேலைதான். தமிழ் எழுத்து கல்லில் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறதோ, அதை அந்தந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வளைந்த நிப் பேனாவால் எழுதிப் பார்ப்பது. கூடவே அந்த இடத்தையும் வரைவது. கல்வெட்டுப் புத்தகங்களில் எழுத்து அட்டவணை இருக்கிறது, அதைப் பார்த்து வீட்டிலேயே எழுதலாம். ஆனால் அட்டவணையில் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில், ஒரே கட்டத்துக்குள் நிற்கும். பாறையில் வெட்டியவருக்கு எங்கே கை எட்டியது, எங்கே பாறை ஒத்துழைக்கவில்லை என்பதெல்லாம் அதில் வராது.

பேனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபூடே நிப் என்பார்கள். சாதாரண நிப்தான், ஆனால் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஜப்பானின் செய்லர் நிறுவனம் இதை 40 பாகை, 55 பாகை என்று இரண்டு வளைவில் செய்கிறது. என்னிடம் இருப்பது 55. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தால் மெல்லிய கோடு. சாய்க்கச் சாய்க்க, வளைந்த பகுதி முழுவதும் தாளில் படிந்து கோடு தடிக்கும். நிப்பைத் தலைகீழாகத் திருப்பினால் மயிரிழைக் கோடு வரும். ஒரே பேனாவில் மலையின் நிழலையும் நிரப்பலாம், அதன் மேல் நிற்கும் ஒற்றைச் செடியையும் வரையலாம். வெளியே போய் வரைகிறவர்களுக்கு இதைவிட வசதியான சாமான் எனக்குத் தெரியவில்லை.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பிறகு 2024 கடைசியில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட பிரச்சினை வந்து, மக்கள் விடாமல் போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. டீக்கடையில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் வரைய வந்தவன் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர், "நல்லா வரைஞ்சு நாலு பேருக்குக் காட்டுங்க தம்பி. மலை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ல" என்றார். டீ 12 ரூபாய், அதை அவர்தான் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கழிஞ்சமலைக் குகையின் முகப்பில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி பாறையில் காடி வெட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டி, தலைக்கு வெகு மேலே, தமிழி எழுத்துகள். தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்" என்று படித்திருக்கிறார்கள். குகையைக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லும் ஒற்றை வரி. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியது. அதைப் பார்க்க அண்ணாந்து, எழுதக் குனிந்து, திரும்பவும் அண்ணாந்து, அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிட்டேன். நோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதினேன். நிப் மேலே பார்க்காதவரை மை இறங்குகிறது.

தமிழி எழுத்துகள் மிகச் சிக்கனமானவை. க என்றால் ஒரு கூட்டல் குறி. ந என்றால் கீழே கிடைக்கோடு, அதன் நடுவில் நிமிர்ந்த ஒரு கோடு. ட ஒரு பிறை. வ ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு குச்சி. இதை எழுத வளைந்த நிப்பின் சாய்வு எதுவும் தேவைப்படவில்லை. பேனாவைப் படுக்கவைத்து எழுதிப் பார்த்தேன். கூட்டல் குறியின் ஒரு கோடு தடித்து, மறு கோடு மெலிந்து, வேறு ஏதோ ஊர் எழுத்தாகிவிட்டது. கரடுமுரடான பாறையில் உளியால் கொத்தும்போது கோட்டுக்கு ஒரே அகலம்தான் கிடைக்கும். ஆகவே பேனாவை நேராக நிமிர்த்தி, நுனியால் மட்டும், மெதுவாக எழுதினேன். அப்போதுதான் பாறையில் இருப்பதற்குப் பக்கத்திலாவது வந்தது.

சாய்வுக்கு வேலை வந்தது மலையை வரையும்போது. பேனாவை நன்றாகச் சாய்த்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. பாறையின் முதுகு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்துவிட்டது. வானத்தில் ஒரு கழுகு நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. ராசாளி என்று ஆட்டோக்காரர் சொன்னார். அதை நிப்பைத் திருப்பிப் பிடித்து வரைந்தேன்.

இரவு மதுரையில் கறிதோசை, அதன் பிறகு ஒரு பருத்திப்பால். பருத்திப்பால் 25 ரூபாய். கருப்பட்டியும் சுக்கும் தூக்கலாக இருந்தது. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தொண்டைக்கு வேறெதுவும் அவ்வளவு இதமாக இருந்திருக்காது.

செப்டம்பர் 12, வெள்ளி – சமணர் மலை

கீழக்குயில்குடிக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் அப்போதே தொடங்கியிருந்தது. பொங்கல் வைக்க வந்த ஒரு குடும்பம் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தது. நானும் கூட நின்று ஒரு கல்லை உருட்டிக் கொடுத்தேன். "எறங்கி வரும்போது சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

பேச்சிப்பள்ளம் பாதி மலையில் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. ஏறினால் ஒரு சுனை, அதன் மேலே வரிசையாகச் சமணத் திருமேனிகள். நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர் தூரத்திலிருந்தே தெரிகிறார். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. திருமேனிகளுக்குக் கீழே, தமிழியிலிருந்து மாறி வந்த பழைய எழுத்தான வட்டெழுத்தில், யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறது. அதில் ஒன்று: "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஸ்ரீ".

அச்சணந்தி அந்தக் காலத்தில் பெயர்பெற்ற சமணத் துறவி. பாண்டிய நாட்டில் பல மலைகளில் அவர் பெயர் வருகிறது. இங்கே அவருடைய தாயின் பெயர். மகன் துறவியாகிப் போன பிறகு அந்தத் தாய் என்ன நினைத்து இந்தக் கல்லைச் செய்வித்தார் என்று தெரியாது. ஆனால் குணமதி என்ற பெயரை ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவன் மடியில் நோட்டு வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறான். எனக்கு அந்தப் பெயரை விட்டு நகரவே மனம் வரவில்லை. காலை முழுவதும் அந்த ஒரு வரிதான்.

வட்டெழுத்து பேனாவுக்கு வேறு ஒரு அனுபவம். நேற்றைய கூட்டல் குறியும் நிமிர்ந்த கோடும் போய், எல்லாம் வளைவுகள். ப, ய, வ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாயல். படிப்பவருக்கு அது தலைவலி, எழுதுபவருக்கு அதில் ஒரு ஓட்டம் கிடைக்கிறது. இங்கே பேனாவைச் சாய்த்துப் பிடித்தேன். பேனாவின் பின்புறம் வலது தோளைப் பார்த்து இருக்க, அந்தக் கோணத்தை மாற்றாமல் கையை மட்டும் சுற்றினால், வளைவு மேலே போகும்போது தடித்து, திரும்பி இறங்கும்போது தானாக மெலிகிறது. காரணம் எளிது. வளைந்த நிப் தாளில் படும் இடம் பேனாவின் நீளவாக்கில் நீண்டிருக்கும். பேனா கிடக்கும் திசையிலேயே இழுத்தால் மெல்லிய கோடு, அதற்குக் குறுக்கே இழுத்தால் தடித்த கோடு. இதை மனதில் பிடித்துக்கொண்டால் போதும், அழுத்தவே வேண்டாம். அழுத்துவதற்குச் செய்த நிப் இது இல்லை.

ஆனால் கல்லில் அந்தத் தடிப்பும் மெலிவும் கிடையாது. நான் எழுதியது வட்டெழுத்தின் நடையில் என் பேனா எழுதியது, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் வைத்தேன்: நிமிர்த்திப் பிடித்துக் கல்லில் உள்ளபடி ஒரு வரி, சாய்த்துப் பிடித்து என் கைப்படி ஒரு வரி. இரண்டாவது வரி அழகாகத்தான் இருந்தது, முதல் வரியில்தான் குணமதியார் இருந்தார்.

ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தது. நிப் நுனியில் மை காய்ந்து, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பேனாவில் இருந்தது தண்ணீரில் கரையாத நிறமி மை. வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் இது மற்ற மையைவிடச் சீக்கிரம் இறுகும். எழுதாத நேரத்தில் மூடியே வைத்திருப்பதைத் தவிர வழியில்லை. குரங்குகள் வேறு. ஒன்று நேராக வந்து பையில் கை விட்டது. எடுத்தது பிஸ்கட் பாக்கெட்டைத்தான், பேனா தப்பியது.

இறங்கி வந்தபோது அந்த அம்மா மறக்கவில்லை. வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் வைத்து, "வெயில்ல இம்புட்டு நேரம் என்னய்யா பண்ணுன?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நாங்க வருசா வருசம் இங்க வர்றோம், மேல பேரு எழுதியிருக்குன்னே தெரியாது" என்றாள். குணமதியாரைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் தன் பெயரை வட்டெழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மதுரையில் பெரிய மழை. லாட்ஜில் கரண்ட் இல்லை, கொசு உண்டு.

செப்டம்பர் 13, சனி – தஞ்சாவூர் போகும் வழி

நாளின் பாதியைப் பஸ் தின்றுவிட்டது. மேலூர் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் சரியில்லை, அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றோம். உச்சி வெயில். நேற்று பெய்த மழைக்குச் சுவடே இல்லை.

அங்கேதான் மை ஒழுகியது. ஊற்றுப்பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கினால் மிச்ச இடத்தில் காற்று இருக்கும். சூடேறினால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பை வெயிலில் இருந்தது, பேனா படுத்திருந்தது. மூடியைத் திறந்தபோது விரல் ஐந்தும் கறுப்பு. பக்கத்தில் நின்ற அக்கா, கேட்காமலேயே தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கை கழுவ ஊற்றினார். குழந்தைக்கு வைத்திருந்த துணியையும் நீட்டினார். "வேணாம்க்கா, கறை போகாது" என்றேன். "துணிதானே, பேனா முக்கியம்ல" என்றார். கரையாத மை. அந்தத் துணி இனி கறுப்புத்தான். வெயில் ஊர்களுக்குப் போகிறவர்கள் பேனாவை முழுக்க நிரப்பியோ, முழுக்கக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்கும்படி நிறுத்தி எடுத்துப் போங்கள்.

தஞ்சை நெருங்க நெருங்க ரோட்டின் ஓரத்தில் குறுவை நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. நகரும் பஸ்ஸில் எழுத்து எழுத முடியாது, ஆனால் படம் வரையலாம். வளைந்த நிப் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளும். கை ஆடும்போது கோடு தடித்து மெலிந்து போவது படத்துக்குக் கெடுதல் இல்லை.

மூன்று மணிக்கு அரண்மனை வளாகம், சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம். ஓலைச்சுவடிகளைப் பார்க்கத்தான் போனேன். எழுத்தாணிக்குத் தடிப்பு மெலிவு என்பதே கிடையாது. கீறல் ஒரே அகலம். பிறகு கரியைத் தடவினால் அந்தக் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். சுவடி எழுதியவர்கள் இடக்கையில் ஓலையைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலில் எழுத்தாணியை முட்டுக்கொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதியிருக்கிறார்கள். மேசை இல்லை, சாய்வு இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்பதால் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. அந்தப் பொடி எழுத்தின் நெருக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். உள்ளே உட்கார்ந்து வரைய இடமில்லை. மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து எழுதினேன்.

இரவு ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 110 ரூபாய். வத்தக்குழம்பு இரண்டாவது முறை கேட்டபோது பரிமாறியவர் கிண்ணத்தையே இலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 14, ஞாயிறு – பெரிய கோயில்

ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலில் வரைய வேண்டும் என்றால் விடியும்போதே போக வேண்டும். ஆறரை மணிக்குப் புல்வெளியில் ஈரம், கல்லில் குளிர்ச்சி. விமானத்தை முதலில் வரைந்தேன். பதின்மூன்று நிலை, இருநூறு அடிக்கு மேல் உயரம். நிலை நிலையாக எண்ணி வரைய ஆரம்பித்தால் காகிதம் போதாது. நிழலிலிருந்து ஆரம்பித்தேன். கிழக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு நிலையின் கீழும் விழும் நிழலைப் பேனாவைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு, அதற்கு மேல் கொஞ்சம் சிறிய இழுப்பு. மேலே போகப் போக இழுப்பு குறுகும், பேனா நிமிரும். சிகரத்துக்கு வரும்போது நுனி மட்டும் தாளைத் தொடும். கடைசியில் இரண்டு பக்க ஓரங்களை மெல்லிய கோட்டால் சேர்த்தேன். இவ்வளவு பெரிய கட்டடத்தை வரைய இவ்வளவு சின்ன அசைவு போதுமா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

கல்வெட்டுகள் அடித்தளத்தின் பட்டைகளில் சுற்றிலும் ஓடுகின்றன. 1010இல் கலசம் ஏறிய கோயில் இது. அதற்குப் பிறகு ராஜராஜன் சொன்னபடி வெட்டிய வரிகள்: "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்". அரசன் கொடுத்தது, குந்தவை கொடுத்தது, அரசியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் கல்லில் ஏற வேண்டும் என்று உத்தரவு. நகை, பாத்திரம், நிலம், விளக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு. கோயிலைச் சேர்ந்த குடியிருப்பான தளிச்சேரியில் குடியேற்றிய நானூறு பெண்களின் பெயர்கூட வெளியே மதிலில் இருக்கிறது.

இந்த எழுத்து நம்முடைய எழுத்து. புள்ளி பெரும்பாலும் இல்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை, ரகரமும் காலும் ஒரே உருவம். ஆனால் கொஞ்ச நேரம் கண் பழகினால் ப, ட, ம எல்லாம் தானாகப் புலப்படும். அரியலூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பையன், மூன்றாம் வகுப்பு படிப்பவன், என் தோளுக்குப் பின்னால் நின்று, "அங்கிள், இது தமிழா?" என்று கேட்டான். கண்டுபிடி என்றேன். விரலால் தொடாமல், காற்றிலேயே வரைந்து வரைந்து தேடினான். "இது ம! இது ட! இது ப!" கத்திய கத்தலில் நாலு பேர் திரும்பினார்கள். அவன் அப்பா வந்து அதட்டப் போனார். நான் தடுத்தேன். அப்புறம் அவரும் தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பமே அடித்தளத்துக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நின்றது.

காவலர் ஒருவர் வந்து என்ன செய்கிறேன் என்று பார்த்தார். தாளைக் கல்லில் ஒட்டி மைப்படி எடுக்கிறேனோ என்று சந்தேகம். அதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், அது நியாயமும்கூட. தள்ளி உட்கார்ந்து நோட்டில் எழுதுவதைப் பார்த்ததும், "நிழல் அந்தப் பக்கம் போகும் சார், பத்து மணிக்கு அங்க மாறிக்குங்க" என்று இடம் காட்டிவிட்டுப் போனார்.

எழுத்தைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. சோழர் கால வரியைச் சாய்த்த பேனாவில் எழுதினால் அதன் கம்பீரம் போய்விடுகிறது. இதன் அழகு கோட்டின் தடிமனில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே வெளி. வார்த்தை முடிந்தாலும் வெளி விடுவதில்லை, வரி முழுவதும் ஒரே தாளத்தில் போகிறது. நான் இத்தனை நாள் எழுத்துக் கலை என்றால் கோட்டின் ஏற்ற இறக்கம் என்றே பழகியவன். இங்கே உளிக்காரர் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் அதைச் சாதித்திருக்கிறார். பதினொரு மணிவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். நிப்பை நிமிர்த்தி, எழுத்தைப் பார்க்காமல், எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையைப் பார்த்து எழுதினேன்.

பத்தரைக்கெல்லாம் தரை கொதித்தது. கயிற்றுப் பாய் போட்ட இடத்தில் மட்டும் நடக்க முடிந்தது. காற்றில் ஈரப்பதம் வேறு. இந்த நிப் தாளில் நிறைய மை விடும், சீக்கிரம் காயாது. பக்கத்தைத் திருப்பியதும் விமானத்தின் நிழல் எதிர்ப்பக்கத்திலும் அச்சாகிவிட்டது. மையொற்றும் தாள் கொஞ்சம் கையில் இருப்பது நல்லது.

செப்டம்பர் 15, திங்கள் – தாராசுரம், கும்பகோணம்

தாராசுரத்தில் கூட்டமே இல்லை. ஐராவதேசுவரர் கோயிலில் நானும், புல் வெட்டும் இரண்டு பேரும், ஒரு நாயும். இரண்டாம் ராஜராஜன் காலம், 12ஆம் நூற்றாண்டு. தேர் வடிவ மண்டபத்தின் குதிரையை வரைந்துவிட்டு, நான் தேடி வந்த இடத்துக்குப் போனேன். கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. மேலே பெயர் வெட்டியிருக்கிறது. தஞ்சாவூரில் அரசாங்கக் கணக்கு, இங்கே சின்னஞ்சிறு பெயர்ச்சீட்டுகள். எழுத்து சில இடங்களில் தேய்ந்து போயிருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்தால்தான் கண் மட்டத்துக்கு வரும். சிற்பங்களை நிப்பைத் திருப்பிப் பிடித்து மெல்லிய கோட்டில் வரைந்தேன். அவ்வளவு சிறியவற்றுக்குத் தடித்த கோடு ஆகாது.

காலைச் சாப்பாடு கும்பகோணத்தில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பு, இட்லிக்கு இவ்வளவு பொருந்தும் என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். 70 ரூபாயில் வயிறு நிறைந்தது. டிகிரி காபி தனி.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துக் காபிக் கடையில் நோட்டைத் திறந்து வைத்திருந்தபோதுதான் அந்தப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். முப்பது நாற்பது வருடம் சைன்போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை நின்றுபோனது என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். நிப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது பட்டை பிரஷ்ஷோட வேலையைச் செய்யும் போலிருக்கே. குடுங்க தம்பி."

கடைக்காரரிடம் பழைய தினசரி ஒன்று வாங்கி, ஓரத்தில் 'கும்பகோணம்' என்று எழுதினார். நான் பார்த்த அளவில் அந்தப் பேனாவிலிருந்து அப்படி ஒரு தமிழ் வந்ததே இல்லை. மேலிருந்து கீழே இறங்கும் கோடெல்லாம் தடிமன். குறுக்கே போகும் கோடெல்லாம் மெலிசு. ண வின் சுழிகள் ஒவ்வொன்றிலும் இறங்கும் பக்கம் மட்டும் கனம்.

எப்படி என்று கேட்டேன். என் கையைப் பிடித்து முழங்கையை வெளியே தள்ளினார். "நீங்க பேனாவோட வாலைத் தோளுக்குப் பாக்க விடுறீங்க. அது இங்கிலீஷுக்கு. தமிழுக்கு வாலை வலப்பக்கம் தள்ளுங்க. தோசைக் கரண்டிய தோசைக்கு அடியில விடுற மாதிரி பேனாவைப் படுக்க வைங்க. வெயிட்டு எங்க விழணும்னு முதல்ல நீங்க முடிவு பண்ணணும், பேனா முடிவு பண்ணக் கூடாது."

சமணர் மலையில் நான் யோசித்துக் கண்ட அதே கணக்குத்தான். பேனா வலதுபக்கமாகக் கிடந்தால், அதற்குக் குறுக்கே மேலிருந்து கீழே போகும் கோடு தடிக்கும், அதன் திசையிலேயே போகும் கிடைக்கோடு மெலியும். எனக்கு அது நிப்பின் கணக்காகத் தெரிந்தது. தமிழ் எழுத்தில் கனத்தை எங்கே இறக்குவது என்பது இவருக்குக் கை பழகிய விஷயம். ப வின் இரண்டு கால்கள், ட வின் முதுகு, ம வின் இடப்பக்கம் எல்லாம் நிமிர்ந்து இறங்குபவை. கனம் அங்கே விழுந்தால் எழுத்து ஊன்றி நிற்கும். தோளைப் பார்த்த பேனாவில் அந்தக் கால்கள் இரண்டும் அரைகுறைத் தடிமனில் சாய்ந்து கிடக்கும். வளைந்த நிப்பில் எழுதிய தமிழ் பார்க்க அன்னியமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இங்கிலீஷ் எழுத்துக்கான பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பழகி, அதே கோணத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். தமிழ் சைன்போர்டு ஓவியர்கள் பல்லாயிரம் சுவர்களில் தீர்த்துவைத்த விஷயத்தை யாரும் உட்கார்ந்து எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைகள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரம் என்னை எழுத வைத்தார். ஐ எழுதும்போது கடைசிச் சுழியில் பேனாவை விரலுக்குள் கொஞ்சம் உருட்ட வேண்டும், இல்லையென்றால் சுழி அடைத்துக்கொள்ளும். ழ வின் வால் கீழே போகும்போது பேனாவை நிமிர்த்திக்கொண்டே போனால் வால் கூர்மையாக முடியும். கொம்பு மெலிசாக இருக்க வேண்டும், எழுத்தைவிடக் கனத்துவிடக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, காபிக்குக் காசு கொடுக்கப் போனால் விடவில்லை. பேனாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். "எனக்கெதுக்கு, கை நடுங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதும்போது அந்த நடுக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் திரும்பவும் தாராசுரம் போய், மூடும் நேரம் வரை நாயன்மார் பெயர்களைப் புதுப் பிடியில் எழுதினேன். கல்லில் உள்ளது ஒரு வரி, அதன் கீழே என் வரி. முழங்கை வலித்தது. பழகாத பிடி, ஒரு மாதமாவது ஆகும்.

இந்த வழியில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. அரிட்டாபட்டியின் நிமிர்ந்த கோடு எந்த இடத்தில் வளையத் தொடங்கியது என்று அங்கே போய் எழுதிப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடியட்டும், ஜனவரியில் போகிறேன். செஞ்சிப் பக்கம் இருப்பவர்கள், பாறைக்கு எந்த நேரத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.